ஃப்ரீபிஎஸ்டியில் எஸ்ஆர்சி அடைவு காலியாக இருந்தால்

ஃப்ரீபிஎஸ்டி இயங்குதளத்தில் மூலநிரல் இருக்க வேண்டிய எஸ்ஆர்சி (/usr/src) அடைவு காலியாக இருக்கிறது, கோப்புகளைப் பட்டியலிடும் எல்எஸ் (ls) கட்டளையின் மூலநிரலை எங்கே பார்ப்பது என்று கேட்டிருந்தீர்கள். அந்த மூலநிரல் ஃப்ரீபிஎஸ்டியின் கிட் (Git, நிரல் மாற்றங்களைப் பதிந்துவைக்கும் மென்பொருள்) களஞ்சியத்தில், பின் (bin) அடைவுக்குள் எல்எஸ் என்ற பெயரிலேயே இருக்கிறது; இயங்குதளத்தின் மையப்பகுதியான கர்னல் வேண்டுமென்றால் அதே களஞ்சியத்தில் சிஸ் (sys) அடைவு.

உங்கள் கணினியில் எஸ்ஆர்சி அடைவு காலியாகக் கிடப்பது கோளாறு இல்லை. நிறுவும்போது வரும் பட்டியலில் எஸ்ஆர்சியை டிக் செய்யாமல் விட்டிருப்பீர்கள். கையிலுள்ள வழிகாட்டி சப்வெர்ஷனில் (கிட்டுக்கு முன் பயன்படுத்திய அதே வகை மென்பொருள்) எடுக்கச் சொன்னால் மூடிவிடுங்கள், அது பழசு, 2020 டிசம்பரிலேயே கிட்டுக்கு மாறிவிட்டார்கள்.

முதலில் யூநேம் கட்டளையை ஆர் விருப்பத்தோடு (uname -r) ஓட்டிப் பதிப்பு எண்ணைப் பாருங்கள், அப்புறம் களஞ்சியத்தில் அதே எண்ணுள்ள ரெலெங் (releng, வெளியான பதிப்புக்கான) கிளையை குளோன் செய்யுங்கள், அதாவது உங்கள் கணினிக்கு நகலெடுங்கள். அப்போது டெப்த் 1 (--depth 1) என்று கொடுத்தால் பழைய வரலாறு முழுக்க இறங்காது.

மெயின் கிளை படித்துப் பார்க்கச் சரி, ஆனால் அடுத்த பதிப்புக்கான வேலை நடக்கும் இடம் அது. உங்கள் கணினியில் ஓடுவதோடு வரிக்கு வரி பொருந்தாது.