தெம்னோஸ் நகரத்து அலெக்சாண்டர்

அன்புள்ள ஐயா,

ஜெர்மனியில் வேலை பார்க்கிறேன். போன மாதம் ஓர் ஏலத்தில் அலெக்சாண்டரின் வெள்ளி நாணயம் ஒன்றை எடுத்தேன். எடை 16.7 கிராம், அகலம் 33 மில்லிமீட்டர். ஒரு பக்கம் சிங்கத்தோல் போர்த்திய அலெக்சாண்டரின் முகம். மறுபக்கம் சீயஸ் அரியணையில் அமர்ந்திருக்கிறார். அவருக்கு முன்னால் ஒரு கொடி, அதன் கீழே கூஜா போல ஒன்று. அலெக்சாண்டரே தொட்டிருக்கக்கூடிய காசு என்று நினைத்தாலே சிலிர்க்கிறது. ஊரிலிருந்து வந்திருக்கும் அம்மா, விபூதி போட்டுத் தேய்த்தால் பளிச்சென்று ஆகிவிடும் என்கிறார். தேய்க்கலாமா? அசல்தானா என்று எப்படித் தெரிந்துகொள்வது? அடுத்து என்ன வாங்கலாம்? படங்கள் இணைத்திருக்கிறேன்.

கார்த்திகேயன்

அன்புள்ள கார்த்திகேயன்,

முதலில் அந்த விபூதியை அம்மாவிடமிருந்து வாங்கி சாமி அறையில் வைத்துவிடுங்கள். வீட்டுக் குத்துவிளக்கைத் தேய்ப்பது போல இதைத் தேய்த்தால், கருஞ்சாம்பல் பூச்சோடு சிங்கப் பிடரியின் மெல்லிய கோடுகளும் போய்விடும். பிறகு அது திரும்பி வராது.

அந்த முகம் அலெக்சாண்டர் அல்ல, கிரேக்கப் புராண வீரர் ஹெராக்ளிஸ். நெமிய சிங்கத்தைக் கொன்று அதன் தோலைத் தலையில் போர்த்தி, முன்னங்கால்களைக் கழுத்தில் முடிந்துகொண்டவர். மாசிடோனிய அரசகுலம் தன்னை அவர் வழிவந்ததாகச் சொல்லிக்கொண்டது. அலெக்சாண்டரின் தாத்தா மூன்றாம் அமிந்தாஸின் காசுகளிலேயே இந்தச் சிங்கத்தோல் தலை உண்டு. பேரனின் சாயல் அதில் ஏறியது என்று வாதிடுவோர் இருக்கிறார்கள். எனக்கு அதில் பெரிய நம்பிக்கை இல்லை.

நீங்கள் கூஜா என்று எழுதியது கூஜாவேதான், மது ஊற்றும் கூஜா. அதன் மேல் வளைவது திராட்சைக் கொடி. இரண்டும் சேர்ந்தால் தெம்னோஸ் நகரத்தின் அடையாளம். துருக்கியின் மேற்குக் கரையில், இன்றைய இஸ்மிருக்கு அருகில் இருந்த சிறிய கிரேக்க ஊர் அது. இந்தக் காசுகளை கி.மு. 188க்கும் 170க்கும் இடையில் வைப்பது வழக்கம். அலெக்சாண்டர் பாபிலோனில் இறந்தது கி.மு. 323. ஆக, அவர் கை இதில் படவில்லை.

கொடியும் கூஜாவும் தேய்ந்தே போயிருந்தாலும் இது பிற்காலத்தது என்று ஊகித்திருக்கலாம். ட்ராக்மா என்பது கிரேக்கர்களின் வெள்ளிக் காசு அலகு; உங்களுடையது நான்கு ட்ராக்மா காசு. அவர் காலத்து நான்கு ட்ராக்மா காசு தடித்தது. அகலம் பெரும்பாலும் 25 முதல் 27 மில்லிமீட்டர்தான். எடை 17.2 கிராமை ஒட்டி இருக்கும். உங்களுடையது தட்டையாக விரிந்திருக்கிறது, எடையும் கொஞ்சம் இறங்கியிருக்கிறது. சீயஸின் கால்களையும் பாருங்கள். ஆரம்பகாலக் காசுகள் பெரும்பாலானவற்றில் இரு கால்களும் இணையாக ஊன்றியிருக்கும். உங்கள் படத்தில் வலது கால் பின்னுக்கு இழுத்திருக்கிறது. கால் விதிக்கு விலக்குகள் உண்டு, அதை மட்டும் நம்பி ஏலத்தில் கையைத் தூக்காதீர்கள்.

செத்துப்போன அரசன் பெயரில் ஏன் அடித்தார்கள்? அந்தப் பெயருக்கு எங்கும் செல்வாக்கு இருந்தது. கூலிப்படை வீரனும் துறைமுக வணிகனும் எடைபோடாமல் வாங்குவார்கள். ரோட்ஸ் நகரம் ரோஜாவையும், கியோஸ் ஸ்ஃபிங்ஸையும், மிலேட்டஸ் திரும்பிப் பார்க்கும் சிங்கத்தையும் சீயஸுக்கு முன்னால் வைத்து இதே காசை அடித்தன. கருங்கடல் கரையில் மெசெம்ப்ரியா கி.மு. முதல் நூற்றாண்டு வரை விடவில்லை.

எந்தக் காசு முந்தையது, எது பிந்தையது என்ற இந்த வரிசையெல்லாம் எப்படித் தெரிந்தது என்பதுதான் எனக்குப் பிடித்த பகுதி. 1905இல் எகிப்தின் தமன்ஹூரில் ஒரு புதையல் கிடைத்தது. எட்டாயிரத்துக்கும் மேற்பட்ட நான்கு ட்ராக்மா காசுகள். அவை வியாபாரிகள் கைக்குப் போய்ச் சிதறின. அமெரிக்க அறிஞர் எட்வர்ட் நியூவெல் அவற்றில் பல ஆயிரத்தைத் தேடிப் பிடித்துப் பதிவுசெய்து 1923இல் நூலாக்கினார். சீதோன் போன்ற ஃபினீசிய நகரங்கள் காசில் ஆண்டைப் பொறித்திருந்ததால், புதையல் மூடப்பட்டது கி.மு. 318 அளவில் என்று தெரிந்தது. அப்படியானால் அதில் இருந்த ஒவ்வொரு வகையும் அதற்கு முந்தையது. இன்னொரு பிடியும் இருந்தது. ஹெராக்ளிஸ் அச்சு பட்டறைக்கல்லில் பதிந்திருக்கும். சம்மட்டி அடி நேரே விழுவது சீயஸ் அச்சின் மேல். அதனால் சீயஸ் அச்சு சீக்கிரம் உடையும். ஒரே ஹெராக்ளிஸோடு பல சீயஸ்கள் ஜோடி சேரும். அந்த ஜோடிகளைச் சங்கிலியாகக் கோத்தால் எது முன், எது பின் என்று வந்துவிடும். 1991இல் மார்ட்டின் பிரைஸ் தொகுத்த பட்டியலில் உங்கள் காசுக்கும் எண் இருக்கும். கொடிக்கு அருகிலுள்ள கூட்டெழுத்துகளை வைத்துத் தேடுங்கள்.

அசலா என்பதைப் படத்தைப் பார்த்துச் சொல்ல மாட்டேன். விளிம்பைப் பாருங்கள், பத்து மடங்கு லென்ஸில். அடித்த காசில் விளிம்பிலிருந்து உள்நோக்கி வெடிப்பு ஓடலாம், அது குறையல்ல. வார்த்த போலியில் விளிம்பைச் சுற்றி ஓர் ஒட்டுக்கோடோ, அதை அரம் போட்டு மறைத்த தடமோ இருக்கும். எழுத்துகள் மழுங்கி, உருண்டையான நுண்குழிகள் தெரியும். ஒரே அச்சில் பிறந்த இரண்டு காசுகள் சகஜம். ஆனால் இரண்டிலும் ஒரே இடத்தில் ஒரே வெடிப்பு இருந்தால் ஒன்றாவது போலி. ஒவ்வொரு வெள்ளி வில்லையும் தனித்தனியாக அடி வாங்கியது. பழமையான தோற்றத்தை நம்பாதீர்கள். 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் கள்ள அச்சு வெட்டிய கார்ல் பெக்கர், தன் புதுக்காசுகளை இரும்புத்தூளும் கொழுப்பும் நிறைந்த பெட்டியில் போட்டு, வண்டிக்கடியில் கட்டி ஊர்சுற்ற அழைத்துப் போவாராம்.

அடுத்து வாங்குவதென்றால் ஆசியா மைனரின் (இன்றைய துருக்கி) லாம்ப்சாகஸ் அல்லது கொலஃபோன் நாணயப் பட்டறையின் ஒற்றை ட்ராக்மா, 4.3 கிராம் அளவு. கி.மு. 324இல் மெசபடோமியாவின் ஓபிஸ் நகரில் பத்தாயிரம் முதிய வீரர்களுக்குத் தலைக்கு ஒரு தாலந்து, அதாவது 6,000 ட்ராக்மா, கொடுத்து ஊருக்கு அனுப்பினார் அலெக்சாண்டர். ஆசியா மைனரில் சிறு காசுகள் குவிந்ததற்கு இதைக் காரணமாகச் சொல்லும் ஆய்வாளர்கள் உண்டு. அவர் முகமே வேண்டுமென்றால், அவருடைய தளபதியாக இருந்து பின்னர் அரசனான லிசிமாக்கஸின் காசைத் தேடுங்கள், காதோரம் ஆட்டுக்கடாக் கொம்பு வளைந்திருக்கும்.

எதை வாங்கினாலும் 1970க்கு முன், அதாவது பழம்பொருள் கடத்தலுக்கு எதிரான யுனெஸ்கோ உடன்படிக்கைக்கு முன், அது யாரிடம் இருந்தது என்று விற்பவரிடம் கேளுங்கள். துருக்கியின் எல்மாலியில் 1984இல் தோண்டி வெளியே கடத்திய சுமார் 1,900 காசுகளில் பெரும்பகுதி 1999இல் திரும்பிப் போக நேர்ந்தது. ‘ஐரோப்பியத் தனியார் சேகரிப்பு’ என்று மட்டும் பதில் வந்தால் நான் வாங்க மாட்டேன்.

அன்புடன்