வில்லன் நடிகர் சிரிக்க வைத்தால் அது வீழ்ச்சியா?

‘வில்லனாக மிரட்டிய நடிகர்கள் பிற்காலத்தில் நகைச்சுவைக்கு வந்துவிடுவது அவர்களுடைய வீழ்ச்சிதானே?’ என்று கேட்டிருக்கிறீர்கள். உங்களுக்குப் பிடித்த வில்லன் ஒருவரை அண்மையில் அப்படிப் பார்த்து மனம் வருந்தியிருப்பீர்கள் என்று நினைக்கிறேன். வீழ்ச்சி என்பதை நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். அதற்கு என் தாய்மாமாதான் காரணம்.

காரைக்குடிக்குப் பக்கத்தில் உள்ள எங்கள் ஊரில், புரவியெடுப்புத் திருவிழாவுக்குப் போடும் நாடகங்களில் எப்போதும் அவர்தான் கொடுமைக்காரப் பண்ணையார். மேடைக்கு வந்ததும் வசனம் பேச மாட்டார். துண்டை உதறி மறுதோளில் போட்டுக்கொண்டு கூட்டத்தை ஒரு பார்வை பார்ப்பார், முன்னால் உட்கார்ந்திருக்கும் பிள்ளைகள் தாயின் மடிக்குள் பதுங்கிவிடும். பின்னர் ஒரு நகைச்சுவை நாடகத்தில், மனைவிக்கு நடுங்கும் பண்ணையாராக நடித்தார். அதே மீசை, அதே துண்டு, அதே பார்வை. ‘நெல்லு வித்த காசுல மிச்சம் எங்கே?’ என்று உள்ளேயிருந்து குரல் வந்ததும், அந்தப் பார்வை மட்டும் மெல்ல மெல்லத் தரைக்கு இறங்கியது. கோயில் பொட்டலே சிரிப்பில் அதிர்ந்தது. மறுநாள் உறவினர் ஒருவர், ‘மனுசன் இப்படிக் கோமாளியாயிட்டாரே’ என்று சொன்னது எனக்கு இன்றும் ஆறவில்லை. வேறொருவர் அப்படிக் கண்ணைத் தாழ்த்தியிருந்தால் ஒருவரும் சிரித்திருக்க மாட்டார்கள். அத்தனை ஆண்டுகள் அவர் ஊட்டிய பயம்தான் அன்று சிரிப்பாகத் திரும்பி வந்தது.

சினிமாவிலும் இதே கதைதான். எம்.ஜி.ஆரோடு காலமெல்லாம் மோதிய நம்பியார், ‘தூறல் நின்னு போச்சு’ (1982) படத்தில் பாக்யராஜுக்குத் துணை நிற்கும் பயில்வானாக வந்தபோது, பழைய நம்பியாரை அறிந்தவர்களுக்கே அந்தச் சிரிப்பு முழுமையாகக் கிடைத்தது. ‘நான் கடவுள்’ (2009) படத்தில் வில்லன் தாண்டவனாக வந்த ‘மொட்டை’ ராஜேந்திரனைக் கண்டு நடுங்கியவர்கள், மறு ஆண்டே ‘பாஸ் என்கிற பாஸ்கரன்’ படத்தில் அதே ராஜேந்திரனைப் பார்த்துச் சிரித்தார்கள். கரகரத்த குரலையோ முறைப்பையோ அவர் மாற்றிக்கொள்ளவே இல்லை.

‘வாய்ப்பில்லாமல்தானே வந்தார்கள்’ என்று சிலர் வாதிடக்கூடும். வேடம் எப்படி வந்தது என்பது வேறு, வந்த வேடத்தை எப்படிச் செய்தார் என்பது வேறு. எல்லாப் படத்திலும் இது கைகூடுகிறது என்றும் நான் சொல்லவில்லை; மூத்த நடிகரை நாலு பேர் அறைவதையே நகைச்சுவை என்று எழுதிவைக்கும் படங்கள்மீது எனக்கும் கோபம் உண்டு, ஆனால் அந்தப் பழி எழுதியவரைச் சேர வேண்டும். ‘மரகத நாணயம்’ (2017) படத்தில் தாதாவாக வரும் ஆனந்தராஜை இன்னொரு முறை பாருங்கள். சிரிப்பு வாங்குவதற்காக அவர் எங்காவது தன் மிடுக்கை விட்டுக்கொடுக்கிறாரா என்று மட்டும் கவனியுங்கள்.