காது வலிக்கு ஐபுபுரூஃபன் மட்டும் போதுமா?

கேள்வி: என் மகனுக்கு 4 வயது, எடை 14 கிலோ. நேற்று இரவிலிருந்து ஒரு காதில் வலி, லேசான ஜுரம். நடுக்காதில் தொற்று என்ற டாக்டர், ஆன்டிபயாடிக் தராமல் ஐபுபுரூஃபன் சிரப் மட்டும் கொடுத்து இரண்டு நாள் கழித்து வரச் சொல்லிவிட்டார். இது வீக்கத்தைக் குறைக்கும் மருந்து, கிட்னியைக் கெடுக்கும் என்கிறார் அக்கா. பேசாமல் ஸ்டீராய்டு கொடுத்தால் காதுக்குள் வீக்கம் சீக்கிரம் வற்றிவிடாதா?

பதில்: டாக்டர் செய்தது சரிதான். இந்த வயதில் ஒரு காதில் மட்டும் வலி, சீழ் வடியவில்லை, ஜுரமும் அதிகமில்லை என்றால் பெரும்பாலும் இரண்டு மூன்று நாளில் தானாகவே அடங்கிவிடும். ஆன்டிபயாடிக்கை இன்றே ஆரம்பித்தாலும் முதல் 24 மணி நேர வலி அதனால் குறையப்போவதில்லை.

ஐபுபுரூஃபன் கிருமியைக் கொல்லாது, காதில் தேங்கிய நீரையும் வற்றவைக்காது. அதன் வேலை வலியையும் ஜுரத்தையும் இறக்குவது. சளி பிடித்து மூக்கின் பின்புறத்தையும் நடுக்காதையும் இணைக்கும் குழாய் அடைபட்டால் உள்ளே சேரும் நீர் செவிப்பறையைப் பிதுக்கும், படுத்தால் இன்னும் அழுத்தும், அதனால்தான் பகலெல்லாம் ஓடியாடிய பிள்ளை நடுராத்திரியில் காதைப் பொத்திக்கொண்டு வீறிடுகிறான். அவன் அழும்வரை காத்திருக்காமல் தூங்கப்போகும் முன்பே ஒரு வேளை கொடுத்துவிடுங்கள்.

அளவு வயதைப் பார்த்து இல்லை, எடையைப் பார்த்து. ஒரு வேளைக்குக் கிலோவுக்கு 5 முதல் 10 மி.கி.; 5 மி.லி.யில் 100 மி.கி. உள்ள சிரப் என்றால் உங்கள் மகனுக்கு 3.5 முதல் 7 மி.லி., 6 முதல் 8 மணி நேர இடைவெளியில், ஒரு நாளில் 3 வேளைக்கு மேல் வேண்டாம். சமையலறை ஸ்பூனை நம்பாதீர்கள், ஊசியில்லாத சிரிஞ்சில் அளந்து கொடுங்கள். பாட்டில் லேபிளையும் ஒருமுறை படியுங்கள், சில சிரப்பில் பாராசிட்டமாலும் கலந்திருக்கும். அது தெரியாமல் தனியாகப் பாராசிட்டமாலும் கொடுத்தால் அளவு இரட்டிப்பாகிவிடும்.

அக்காவின் பயத்தில் பாதி நியாயம் உண்டு. வாந்தி, பேதியில் உடம்பு நீர் வற்றியிருந்தாலோ கிட்னிக் கோளாறு இருந்தாலோ ஐபுபுரூஃபன் கூடாது. அம்மை போட்டிருந்தாலும் கூடாது. அப்போது பாராசிட்டமால்தான். நன்றாகத் தண்ணீர் குடிக்கும் பிள்ளைக்கு இரண்டு மூன்று நாள் கொடுப்பதில் பயப்பட ஒன்றுமில்லை. ஆஸ்பிரின் மட்டும் வேண்டவே வேண்டாம், ஈரலையும் மூளையையும் தாக்கும் ரேய் நோய்க்கு அது வழிவிடும்.

ஸ்டீராய்டா? இந்தத் தொற்றுக்கு அது மருந்தே இல்லை. காதில் நீர் தங்கிக் காது மந்தமான பிள்ளைகளுக்கு ஒரு வாரம் ஸ்டீராய்டு கொடுத்துப் பிரிட்டனில் ஆராய்ந்து 2018இல் வெளியிட்டார்கள், சொல்லும்படியான பலன் இல்லை.

அப்புறம், எண்ணெய் காய்ச்சி ஊற்றுவதெல்லாம் வேண்டாம், செவிப்பறையில் ஓட்டை விழுந்திருந்தால் உள்ளே போய்விடும். காதுக்குப் பின்னால் சிவந்து வீங்கிக் காதுமடல் முன்னால் தள்ளினாலோ, கழுத்து விறைத்தாலோ, பிள்ளை துவண்டுபோனாலோ இரண்டு நாள் கணக்கெல்லாம் பார்க்காமல் உடனே தூக்கிக்கொண்டு ஓடுங்கள்.