ஆளிவிதை எண்ணெய் பூசிய தேக்கு ஏன் கறுக்கிறது?

கேள்வி: ஐயா, பர்மாவில் மோல்மீனில் பயணிகள் படகு வைத்திருக்கிறேன். கைப்பிடிக் கட்டையும் உட்காரும் பலகைகளும் தேக்கு. வருஷா வருஷம் மழைக்கு முன் ஆளிவிதை எண்ணெயைத் தாராளமாகப் பூசியும், மழை முடிவதற்குள் கறுத்துப் பிசுபிசுக்கிறது. வேறு எந்த எண்ணெய் நல்லது?

பதில்: எண்ணெயை மாற்றுவது இருக்கட்டும், முதலில் அளவைக் குறையுங்கள். மரம் குடித்தது போக மேலே தேங்குவதுதான் பிசுபிசுப்பு. மே முதல் அக்டோபர் வரை அடிக்கிற மழை ஈரத்தில் அதுவே பூஞ்சைக்குத் தீனி. காய்ச்சாத பச்சை ஆளிவிதை எண்ணெய் காய்வதற்கு நாள்கணக்காகும் என்பதால் அதில் தொல்லை இன்னும் அதிகம்.

ஆனால் கறுப்பெல்லாம் பூஞ்சை என்று சொல்ல முடியாது. துணி வெளுக்கும் ப்ளீச்சில் தண்ணீர் கலந்து ஒரு சொட்டு வைத்துப் பாருங்கள். வெளுத்தால் பூஞ்சை. வெளுக்காமல், ஆணியைச் சுற்றியும் இருந்தால் அநேகமாக இரும்புக் கறை. கையுறை போட்டு ஆக்சாலிக் அமிலக் கரைசல் தடவி, நன்றாக அலசுங்கள். பூஞ்சைக்குச் சோப்புத் தண்ணீரும் மென்மையான பிரஷும் போதும். மரத்தின் ரேகைக்குக் குறுக்காகத் தேய்க்க வேண்டும். ரேகையோடு அழுத்தித் தேய்த்தால் மிருதுவான பகுதி போய்ப் பள்ளம் விழும்.

பூசுவதை மழைக்கு முன் அவசரமாகச் செய்யாமல் கார்த்திகை, மார்கழிக்குத் தள்ளுங்கள். மரம் உள்வரை காய்ந்திருக்கும், எண்ணெய் இறுகவும் அவகாசம் கிடைக்கும். டங் மரத்தின் கொட்டையிலிருந்து எடுக்கும் டங் எண்ணெய் கிடைத்தால் நல்லது, தண்ணீரை அதிகம் தாங்கும். முதல் பூச்சில் டர்பன்டைன் கலந்து நீர்க்கப் பூசி, கால் மணி நேரம் கழித்து மிச்சத்தைத் துடைத்துவிடுங்கள். நன்றாகக் காய்ந்த பிறகே அடுத்தது. 'தேக்கு எண்ணெய்' என்று விற்கும் டப்பாவில் இருப்பது தேக்கிலிருந்து எடுத்ததல்ல. பெரும்பாலும் ஆளிவிதை அல்லது டங் எண்ணெய்க் கலவைதான். தேங்காய் எண்ணெய் வேண்டவே வேண்டாம், அது இறுகாது.

துடைத்த துணியைச் சுருட்டி எறிந்துவிடாதீர்கள். எண்ணெய் காயும்போது சூடாகும்; குவியலில் அந்தச் சூடு வெளியேறாமல் தானாகவே தீப்பிடிக்கும். விரித்துக் காயப்போடுங்கள், அல்லது தண்ணீரில் முக்கி வையுங்கள்.

என்னைக் கேட்டால், உட்காரும் பலகைக்கு எண்ணெயே தேவையில்லை. தேக்குக்கு உள்ளேயே எண்ணெய் உண்டு. வெயிலில் சாம்பல் நிறமாவது மேல்தோல் மட்டும்தான். பயணிகளின் கைலியிலும் கறை படாது. பளபளப்பு வேண்டுமென்றால் கைப்பிடிக்கு மட்டும் பூசுங்கள். தண்ணீருக்குள் இருக்கும் அடிப்பலகைக்கு இந்த எண்ணெய் உதவாது, அதற்குப் படகுப் பெயிண்ட்தான்.