அலமோ ஏரிக்கரையில் டென்ட் போடுவது பற்றி: கேள்வி பதில்

அரிசோனாவில், பீனிக்ஸ் பக்கம் வெயில் இறங்க ஆரம்பித்துவிட்டது. அலமோ லேக் ஸ்டேட் பார்க்குக்குப் போகலாமா என்று நம் குடும்பங்கள் பலரும் கேட்கிறார்கள். டென்ட், தண்ணீர், பாதை, வானம் பற்றி எதையும் கேளுங்கள், சொல்கிறேன். படகு எஞ்சினும் ஆர்வி (வீடுபோல் தங்கும் வண்டி) ரிப்பேரும் என் துறை இல்லை.

சாண்ட்லரிலிருந்து: அக்கா, முதல் தடவை கேம்பிங் போகிறோம். சின்னப் பிள்ளைகள் இரண்டு பேர். எந்த மாதம் நல்லது? எப்படிப் போவது?

நவம்பர் நடுவிலிருந்து மார்ச் கடைசி வரை. ஏப்ரலிலும் போகலாம், ஆனால் காற்று படுத்தும். ஜூன், ஜூலையில் 110 டிகிரி ஃபாரன்ஹீட்டைத் தாண்டும், பிள்ளைகளோடு யோசிக்கவே வேண்டாம். ஜனவரியில் பகலில் வெயில் இதமாக இருக்கும், விடியற்காலையில் உறைநிலைக்குப் பக்கத்தில் போய்விடும். பாலைவனம்தானே என்று மெல்லிய போர்வையோடு வந்து ராத்திரி முழுக்கக் காருக்குள் ஹீட்டர் போட்டு உட்கார்ந்திருக்கும் குடும்பங்களைப் பார்த்திருக்கிறேன். மேலே எத்தனை போர்வை போர்த்தினாலும் குளிர் தரையிலிருந்துதான் ஏறும். உடம்புக்கு அடியில் விரிக்க நல்ல தடிமனான பாய் வேண்டும். காற்றடைக்கும் மெத்தை மட்டும் போதாது, அதன் மேல் ஒரு கம்பளியாவது விரியுங்கள்.

பீனிக்ஸிலிருந்து ஐ-10 நெடுஞ்சாலையில் மேற்கே போய், வெண்டன் என்ற சின்ன ஊரைப் பிடித்து, அங்கிருந்து வடக்கே 30 மைலுக்கு மேல் போக வேண்டும். தார் ரோடுதான். ஆனால் அந்த நீளத்துக்கும் கடை கண்ணி கிடையாது. ஐ-10இல் வழியில் வரும் டோனோபா ஊரிலேயே டேங்கை நிரப்பிவிடுங்கள். போன் சிக்னலை நம்பாதீர்கள், மேப்பை முன்கூட்டியே இறக்கி வைத்துக்கொள்ளுங்கள்.

டென்ட் முளை பற்றியும் ஒரு வார்த்தை. கடையில் டென்டோடு தரும் மெல்லிய கம்பி இந்தத் தரையில் இரண்டு தடவை அடித்தாலே வளைந்துவிடும். சுண்ணாம்பும் சரளையும் சேர்ந்து இறுகிப்போன மண் அது. பெரிய இரும்பு ஆணி பத்துப் பன்னிரண்டும் ஒரு சுத்தியலும் வாங்கிக்கொள்ளுங்கள். மதியம் காற்று கிளம்பினால் முளை அடிக்காத டென்ட் ஏரிக்குப் போய்விடும்.

கில்பர்ட்டிலிருந்து: ஏரிக்கரையில்தானே தங்குகிறோம், எவ்வளவு தண்ணீர் கொண்டுபோக வேண்டும்?

ஆளுக்கு ஒரு நாளைக்கு ஒரு கேலன், குடிக்க மட்டும். சமையலுக்கும் பாத்திரம் கழுவவும் தனி. காரில் வழிக்கென்று இன்னும் ஒரு கேலன்.

இதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன், ஏனென்றால் எல்லோரும் வழுக்குவது இங்கேதான். ஏரி என்றதும் நம் மனதில் வேறு ஒரு படம் வந்துவிடுகிறது. கரையில் மரம், நிழல், ஈரக்காற்று. அலமோவில் அது எதுவும் இல்லை. தண்ணீர் விளிம்பிலிருந்து நாலு எட்டு வைத்தால் சரளை, கிரியோசோட் செடி, சாகுவாரோ என்ற உயரமான கள்ளி. காற்று அவ்வளவு வறண்டது. வியர்வை அங்கங்கேயே காய்ந்துவிடுவதால் வியர்க்கிறது என்பதே தெரியாது. பிள்ளைகள் தாகம் என்று சொல்ல மாட்டார்கள், தலைவலி என்பார்கள், சிணுங்குவார்கள். அப்போதே தாமதம் என்று அர்த்தம். ஏரித் தண்ணீர் குடிக்கிற தண்ணீர் இல்லை. பூங்காவில் குழாய் இருக்கிறது, ஆனால் உங்கள் இடத்துக்குப் பக்கத்தில் இருக்கும் என்று எண்ணி வராதீர்கள். ஏரி பார்க்க, படகு விட, மீன் பிடிக்க. உயிர் பிழைக்க உங்கள் காரில் இருக்கும் கேன்தான்.

பியோரியாவிலிருந்து: இது இயற்கையான ஏரியா, அணையா?

அணை. பிக் சாண்டி, சாண்டா மரியா என்ற இரண்டு ஆறுகள் கூடி பில் வில்லியம்ஸ் ஆறாகின்றன. அதன் குறுக்கே அமெரிக்க ராணுவப் பொறியாளர் படை கட்டிய அலமோ அணை 1968இல் முடிந்தது. வெள்ளத்தைத் தடுக்கத்தான் முதலில் கட்டியது, நமக்குக் கிடைத்த ஏரி அதன் உபயம். கீழே அந்த ஆறு பார்க்கர் அணைக்குச் சற்று மேலே ஹவாசு ஏரியில் போய்ச் சேர்கிறது. ஹவாசுவிலிருந்துதான் கொலராடோத் தண்ணீரை ஏற்றி, 336 மைல் நீளமுள்ள கால்வாய் வழியாக பீனிக்ஸ், டூசான் பக்கம் கொண்டுவருகிறார்கள்.

வெள்ளத் தடுப்பு அணை என்பதால் நீர்மட்டம் பெரிதாக ஏறி இறங்கும். ஒரே ராத்திரியில் 11 அடி ஏறியதாகப் பதிவு இருக்கிறது. அதனால் கரையை ஒட்டிப் பொருள்களை வைத்துவிட்டுத் தூங்காதீர்கள்.

மேசாவிலிருந்து: படத்தில் பார்த்தால் பக்கத்திலேயே வெள்ளை மணலோடு அழகான காய்ந்த ஓடை இருக்கிறது. தரையும் மெத்தென்று இருக்கும். அங்கே டென்ட் போடலாமா அண்ணா?

அக்கா. போடக் கூடாது.

இந்த ஊரில் அதை வாஷ் என்பார்கள். அந்த மணல் மெத்தென்று இருப்பதே வெள்ளம் வந்து கொட்டியதால்தான். உங்கள் தலைக்கு மேல் மேகமே இல்லாமல் இருக்கும், 40 மைல் தள்ளி மலையில் பெய்யும். இந்த மண் தண்ணீரை உறிஞ்சாது, அப்படியே வழித்து அனுப்பிவிடும். முன்னால் வருவது தெளிந்த தண்ணீர் இல்லை. சுள்ளியும் நுரையும் செம்மண்ணும் சேர்ந்து உருண்டு வரும், அதற்குப் பின்னால்தான் முழு வேகம்.

மழைக்காலம் முடிந்துவிட்டதே என்று யாராவது சொல்வீர்கள். அரிசோனாவில் பருவமழைக் கணக்கு ஜூன் 15 முதல் செப்டம்பர் 30 வரை. ஆனால் நீங்கள் தாண்டிப் போகப்போகும் அதே வெண்டனுக்குள் 2000ஆம் ஆண்டு அக்டோபரில்தான் சென்டெனியல் வாஷ் புகுந்து வீடுகளை அடித்துக்கொண்டு போனது. வருஷம் முழுக்கக் காய்ந்து கிடக்கும் ஓடை அது. குளிர்காலத்தில் பசிபிக்கிலிருந்து வரும் புயல்மழையும் இதைச் செய்யும்.

ரோட்டில் தண்ணீர் ஓடினாலும் இதே பேச்சுதான். தடுப்பு வைத்திருக்கும் இடத்தைச் சுற்றிக்கொண்டு காரை இறக்கி மாட்டிக்கொண்டால், மீட்ட செலவை உங்களிடமே வசூலிக்க இங்கே சட்டம் இருக்கிறது. பணம் போனால் போகட்டும், பின் சீட்டில் பிள்ளைகள் இருக்கிறார்கள். திரும்பிப் போங்கள், இல்லை வடியும்வரை காத்திருங்கள்.

டெம்பியிலிருந்து: அங்கேயே மீன் பிடித்து குழம்பு வைக்கலாமா?

பிடிக்கலாம். பெரிய வாய் பாஸ் மீனுக்கும் கிராப்பிக்கும் பேர்போன ஏரி. பத்து வயதும் அதற்கு மேலும் உள்ள எல்லோருக்கும் மீன்பிடி உரிமம் வேண்டும். ஆனால் குழம்புக்கு முன்னால் ஒன்று. அலமோ மீனில் பாதரசம் இருப்பதாக அரசு எச்சரிக்கை விட்டிருக்கிறது. மற்ற மீனைத் தின்று வளரும் பெரிய, வயதான மீனில்தான் அது அதிகம் சேரும். கர்ப்பிணிகளுக்கும் சின்னப் பிள்ளைகளுக்கும் கொடுக்காதீர்கள். மாநிலச் சுற்றுச்சூழல் துறையின் அப்போதைய அறிவிப்பைப் பார்த்துவிட்டு மற்றவர்கள் முடிவு செய்யுங்கள். நான் வீட்டிலிருந்து புளிக்குழம்பு எடுத்துப் போய்விடுவேன்.

ஸ்காட்ஸ்டேலிலிருந்து: ஆர்விக்கு 50 ஆம்ப் இணைப்பு இருக்கிறதா, கழிவுநீர் எங்கே விடுவது?

பூங்கா அலுவலகத்தைக் கேளுங்கள்.

சாண்ட்லரிலிருந்து இன்னொருவர்: நாங்கள் ஆறு குடும்பம். சீரியல் விளக்குச் சரம், பெரிய எல்இடி விளக்கு இரண்டு, ஸ்பீக்கர் எல்லாம் எடுத்து வைத்துவிட்டோம். ஜெனரேட்டர் எவ்வளவு நேரம் ஓட்டலாம்?

ஜெனரேட்டர் நேரத்தை வாசலில் கேட்டுக்கொள்ளுங்கள், அமைதி நேரம் என்று விதி இருக்கிறது. ஆனால் அந்த இரண்டு எல்இடியையும் வீட்டில் வைத்துவிட்டு வாருங்கள் என்று கேட்டுக்கொள்கிறேன்.

அலமோவுக்குப் பக்கத்து ஊர் விளக்கு ஏறத்தாழ 40 மைல் தள்ளி இருக்கிறது. பீனிக்ஸிலிருந்து இவ்வளவு கிட்டத்தில் இப்படி ஒரு இருட்டு கிடைப்பது பெரிய விஷயம். தொலைநோக்கியைத் தூக்கிக்கொண்டு அதற்காகவே வருகிறவர்கள் இருக்கிறார்கள்.

அதே நண்பர்: பெண்கள், குழந்தைகள் இருக்கிறார்கள் அக்கா. வெளிச்சம் இல்லாவிட்டால் தேள், பாம்பு வராதா? நாங்களும் காசு கட்டித்தானே வருகிறோம்?

வெள்ளை வெளிச்சம் பூச்சியைக் கூப்பிடும். பூச்சியைத் தேடித் தேள் வரும். விளக்கைப் போட்டுத் தேளை விரட்டுவது நடக்காது.

பயம் நியாயமானது, அதை நான் குறைத்துச் சொல்லவில்லை. அதற்கு வேறு வழி இருக்கிறது. புறஊதா டார்ச் ஒன்று வாங்குங்கள், விலை அதிகமில்லை. டென்டைச் சுற்றி, மேசைக்கு அடியில், கல் இடுக்கில் அடித்துப் பாருங்கள். தேள் இருந்தால் நீலப்பச்சையாகப் பளிச்சென்று தெரியும், கூழாங்கல் நிறத்தில் இருக்கும் அரிசோனா பார்க் தேள்கூடத் தப்பாது. அது தரையில் மட்டும் இருக்காது, பலகையின் அடிப்பக்கத்தில் தலைகீழாகவும் ஒட்டிக்கொண்டிருக்கும். செருப்பை வெளியே விடாதீர்கள், காலையில் உதறிவிட்டுப் போடுங்கள். டென்ட் ஜிப்பைப் பகலிலும் மூடியே வையுங்கள். கழிப்பறைக்குப் போக ஆளுக்கொரு சிவப்பு வெளிச்ச டார்ச். இவ்வளவு செய்தால் போதும்.

கிளெண்டேலிலிருந்து: நானும் விளக்குக் கட்சிதான். நட்சத்திரம் பார்க்க வருகிறவர் தள்ளிப் போய்ப் பார்க்கட்டுமே. பிள்ளைகள் விளையாட வேண்டாமா?

எங்கே தள்ளிப் போவது? அந்த வெளியில் உங்கள் விளக்கு ஏரியின் அக்கரைக்கும் தெரியும். கண் இருட்டுக்குப் பழக இருபது முப்பது நிமிஷம் ஆகும். ஒருவர் ஒரு தடவை எல்இடியைத் திருப்பினால் சுற்றியிருக்கும் எல்லோருக்கும் அந்த அரைமணி நேரம் மறுபடி முதலிலிருந்து.

உங்கள் பிள்ளைகளுக்காகவும்தான் கேட்கிறேன். நம் பிள்ளைகள் சாண்ட்லரிலும் கில்பர்ட்டிலும் பிறந்து வளர்ந்தவர்கள், பால்வீதியைக் கண்ணால் பார்த்ததில்லை. பிப்ரவரி, மார்ச்சில் நிலா இல்லாத ராத்திரி, சூரியன் மறைந்து ஒன்றரை மணி நேரம் கழித்து மேற்கே பாருங்கள். ராசிமண்டல ஒளி, அதாவது விண்வெளித் தூசியில் சூரிய வெளிச்சம் பட்டுத் தெரிவது, சாய்ந்த கூம்பாக மங்கலாக எழுந்து நிற்கும். நகரத்திலிருந்து எத்தனை வருஷம் பார்த்தாலும் அது தெரியாது. பிப்ரவரி நடுவில் இரவு ஒன்பது மணி வாக்கில் சிரியஸுக்குக் கீழே, தெற்குத் தொடுவானத்தை ஒட்டி, அகத்திய நட்சத்திரம் வரும். சென்னையில் நன்றாக உயரத்தில் பார்த்த அதே நட்சத்திரம். இங்கே மூன்று டிகிரிதான் எழும்பும், தெற்கே மலை மறைக்காத இடமாகப் பார்த்து நிற்க வேண்டும். தாத்தா பாட்டி உடன் வந்திருந்தால் அவர்களைக் கூப்பிட்டுக் காட்டச் சொல்லுங்கள். ஒரு எல்இடி போதும், இதெல்லாம் போய்விடும்.

டூசானிலிருந்து: அக்கா சொல்வது சரி. ஆனால் சமைக்கும்போது என்ன செய்வது? இருட்டில் சாம்பார் கொதிக்க வைப்பது ஆபத்து இல்லையா?

ஆபத்துதான். ஆகவே இருட்டும் முன் சமைத்துவிடுங்கள். டிசம்பரில் ஐந்தரைக்கே சூரியன் மறைந்துவிடும், நாலு மணிக்கு அடுப்பு பற்ற வேண்டும். சாப்பிடும் நேரத்துக்கு மஞ்சள் விளக்கு ஒன்றைத் தரையைப் பார்த்துத் தொங்கவிடுங்கள், முடிந்ததும் அணைத்துவிடுங்கள். விளக்கே கூடாது என்று நான் சொல்லவில்லை.

பக்கையிலிருந்து: ஏரி இருப்பதால் தண்ணீர் கேன் தேவைப்படாதுதானே?

தேவை. கில்பர்ட்காரருக்குச் சொன்ன பதிலைப் படியுங்கள்.

பீனிக்ஸிலிருந்து: ராத்திரியில் ஏதோ கத்துகிறதாமே, பயமாக இருக்குமா?

காட்டுக் கழுதைகள். தங்கம் தேடி வந்தவர்களின் சுமைக் கழுதைகள் தப்பிப் பெருகியவை. 1971இல் வந்த சட்டப்படி பாதுகாக்கப்பட்டவை. சத்தம் பெரிதாக இருக்கும், ஒன்றும் செய்யாது. சோறு போடாதீர்கள். போட்டால் அடுத்து வரும் குடும்பத்தின் மேசைக்கு அது வந்து நிற்கும், உதைக்கும், கடிக்கும். வெண்டன் ரோட்டில் மாலை இருட்டும்போது மெதுவாக ஓட்டுங்கள், வளைவில் நின்றுகொண்டிருக்கும்.

கில்பர்ட்டிலிருந்து: சோயா முள் குத்தினால்?

சோயா (cholla) என்பது முள் உருண்டையாக ஒட்டிக்கொள்ளும் ஒரு கள்ளி. கையால் பிடுங்கவே கூடாது, கையிலும் ஒட்டிக்கொள்ளும். முள் உருண்டைக்கும் தோலுக்கும் நடுவே ஒரு சீப்பைச் செருகி வெளிப்பக்கமாக ஒரே வெட்டாகத் தள்ளுங்கள். உருண்டை தெறித்து விழும், ஆள் இல்லாத பக்கம் பார்த்துத் தள்ளுங்கள். மிச்ச முள்ளை இடுக்கியால் எடுங்கள். சீப்பும் இடுக்கியும் சட்டைப் பையிலேயே இருக்கட்டும், டென்டில் வைத்தால் பிரயோஜனம் இல்லை.

சான் டியாகோவிலிருந்து: அங்கே நேரம் என்ன கணக்கு?

குளிர்காலத்தில் உங்களைவிட ஒரு மணி நேரம் முன்னால். அரிசோனா கடிகாரத்தை மாற்றுவதில்லை.

மேசாவிலிருந்து இன்னொருவர்: ஒரே ஒரு ராத்திரிதான், வானிலை அறிக்கையிலும் மழை இல்லை. வாஷில் போட்டால் என்ன?

மேலே எழுதியிருப்பது உங்களுக்கும் சேர்த்துத்தான். வெண்டன் கதையைத் திரும்பப் படியுங்கள். பூங்காவில் உங்களுக்கென்று எண் போட்டு இடம் கொடுத்திருக்கிறார்கள், அங்கே டென்ட் போடுங்கள்.

பியோரியாவிலிருந்து: ஏரியில் குளிக்கலாமா? உயிர்காப்பாளர் உண்டா?

உயிர்காப்பாளர் கிடையாது. தண்ணீருக்கு அடியில் மூழ்கிய மரங்கள் இருக்கின்றன, குதிக்கவே வேண்டாம். முழங்கால் ஆழத்துக்கு மேல் போகிற பிள்ளைக்கு மிதவைச் சட்டை போடுங்கள். படகில் பன்னிரண்டு வயதும் அதற்குக் கீழும் உள்ளவர்களுக்கு அது சட்டப்படி கட்டாயம்.

சாண்ட்லர் ஆறு குடும்பம்: சரி அக்கா, பெரிய எல்இடியை விட்டுவிடுகிறோம். சீரியல் சரம் மட்டும்?

பிள்ளைகள் சாப்பிட்டு முடிக்கும்வரை போடுங்கள். அப்புறம் அணைத்துவிட்டு எல்லோரும் பாயை வெளியே விரித்துப் படுங்கள். ஸ்பீக்கர் வேண்டாம்.

சர்ப்ரைஸிலிருந்து: விறகு அங்கேயே பொறுக்கிக்கொள்ளலாமா?

கூடாது. காய்ந்த கட்டைதானே என்று தோன்றும். பல்லிக்கும் எலிக்கும் பூச்சிக்கும் வீடு அது. மரம் குறைவான இடத்தில் ஒவ்வொரு கட்டைக்கும் ஆள் இருக்கிறது. வாங்கிக்கொண்டு வாருங்கள். போகும் நாளில் நெருப்புத் தடை இருக்கிறதா என்று பார்த்துவிட்டு, இருந்தால் கேஸ் அடுப்பு மட்டும் எடுத்துப் போங்கள்.