மதர்போர்டு மாற்றினால் விண்டோஸும் புதிதாக வாங்க வேண்டுமா?

கேள்வி: 2017-ல் அசெம்பிள் செய்த கம்ப்யூட்டர். ஐ5 7400 ப்ராசஸர், எச்110 போர்டு, எஸ்எஸ்டியில் காசு கொடுத்து வாங்கிய விண்டோஸ் 10 ப்ரோ. இதில் விண்டோஸ் 11 ஏறவில்லை என்பதால் ஐ3 12100-ம் எச்610 போர்டும் வாங்கப் போகிறேன். கடைக்காரர், "பார்மட் பண்ணித்தான் ஆகணும், விண்டோஸும் புதுசா வாங்கணும் சார்" என்கிறார். டேலி, கணக்குகள், பிரின்டர் செட்டிங் எல்லாம் இதில்தான் இருக்கிறது. பழைய எஸ்எஸ்டியை அப்படியே மாட்டி ஓட்ட முடியாதா?

பதில்: ஓட்டலாம். பார்மட் கட்டாயம் என்பது எக்ஸ்பி, விண்டோஸ் 7 காலத்துப் பேச்சு. அப்போதெல்லாம் போர்டை மாற்றினால் நீலத்திரை வந்து அதோடு நின்றுவிடும். விண்டோஸ் 10 அப்படியில்லை, புது போர்டைப் பார்த்ததும் டிரைவர்களைத் தானே தேடிப் போட்டுக்கொண்டு, ஒன்றிரண்டு முறை ரீஸ்டார்ட் ஆகி, பெரும்பாலும் எழுந்து வந்துவிடும். சிக்கல் லைசன்ஸில்தான்.

2017-ல் உங்களுக்கு என்ன கொடுத்தார்கள் என்று தேடிப் பாருங்கள். பெட்டிக்குள் பென் டிரைவோடு வந்திருந்தால் அது ரீடெய்ல், போர்டு மாறினாலும் உங்களோடு வரும். மெல்லிய உறையில் டிவிடியும் கேபினட்டில் ஒட்ட ஒரு ஸ்டிக்கரும் கொடுத்திருந்தால் அது ஓஇஎம், விலை குறைவு, ஆனால் முதலில் போட்ட போர்டோடு அதன் ஆயுள் முடிகிறது. எதுவும் கிடைக்கவில்லையா? கமாண்ட் பிராம்ப்டில் 'எஸ்எல்எம்ஜிஆர்' அடித்து, இடைவெளி விட்டு, '/டிஎல்ஐ' சேர்த்தால் (ஆங்கில எழுத்தில் slmgr /dli) ரீடெய்லா ஓஇஎம்மா என்று காட்டும். ஆனால் அங்கே தெரியும் விண்டோஸ் சாவியின் (ப்ராடக்ட் கீ) கடைசி ஐந்து எழுத்து 3வி66டி (3V66T) என்று இருந்தால், பழைய விண்டோஸிலிருந்து இலவசமாக ஏறியவர்களுக்கெல்லாம் விழும் பொதுச்சாவி அது, ரீடெய்ல் என்று காட்டினாலும் நம்ப வேண்டாம்.

ரீடெய்ல்தான் என்றால், பழைய போர்டு ஓடும்போதே மைக்ரோசாப்ட் கணக்கில் லாகின் செய்து, செட்டிங்ஸின் ஆக்டிவேஷன் பக்கத்தில் லைசன்ஸ் அந்தக் கணக்கோடு இணைந்திருக்கிறதா என்று பாருங்கள். புது போர்டில் ஆக்டிவேட் ஆகவில்லை என்று வரும்போது அதே பக்கத்தின் ட்ரபுள்ஷூட்டில் 'சமீபத்தில் ஹார்டுவேரை மாற்றினேன்' என்ற தேர்வு இருக்கும், அதை அழுத்தினால் சரி.

கழற்றும் முன் செய்ய வேண்டியவை கொஞ்சம் இருக்கின்றன. முழு டிஸ்கையும் வெளி ஹார்டு டிஸ்கில் இமேஜாக (அப்படியே முழு நகலாக) எடுத்து வையுங்கள், இதில் சோம்பல் வேண்டாம். டிஸ்கைப் பூட்டும் பிட்லாக்கர் வசதியைப் போட்டிருந்தால் நிறுத்திவிடுங்கள், மறந்தால் புது போர்டில் 48 இலக்க ரெகவரி எண்ணைக் கேட்டு உட்கார்ந்துகொள்ளும். பின் நம்பர் போட்டு லாகின் செய்பவர் என்றால் கணக்கின் பாஸ்வேர்டும் தெரிந்திருக்க வேண்டும், அந்தப் பின் நம்பர் புது போர்டில் எடுபடாது. டிஸ்க் மேனேஜ்மென்டில் உங்கள் எஸ்எஸ்டி எம்பிஆரா (பிரிவுகளைக் குறித்து வைக்கும் பழைய முறை) ஜிபிடியா (புதிய முறை) என்றும் பாருங்கள். எம்பிஆர் என்றால் எச்610-ல் பூட் ஆகாமல் போக வாய்ப்பு அதிகம், விண்டோஸிலேயே இருக்கிற எம்பிஆர்2ஜிபிடி கருவியால் மாற்றி, பழைய போர்டின் பயாஸில் பூட் முறையை யூஇஎஃப்ஐக்கு (புதிய பூட் முறை) மாற்றி, அதில் ஒருமுறை ஓட்டிப் பார்த்த பிறகே கழற்றுங்கள். நெட்வொர்க் டிரைவரை ஒரு பென் டிரைவில் போட்டு வைத்தால் முதல் நாள் இன்டர்நெட் இல்லாமல் திண்டாட வேண்டியதில்லை.

அப்புறம் டேலி. அதன் லைசன்ஸும் கம்ப்யூட்டரின் ஹார்டுவேரோடு கட்டப்பட்டதுதான். பழைய போர்டில் சரண்டர் செய்துவிட்டு (லைசன்ஸை அதிலிருந்து விடுவித்துவிட்டு), புதியதில் மறுபடி ஆக்டிவேட் செய்ய வேண்டும். விண்டோஸை மட்டும் யோசித்துவிட்டு மாதக் கடைசியில் இதில் மாட்டிக்கொள்கிறவர்கள் உண்டு.

ஓஇஎம்தான் என்று தெரிந்தாலும் கடையிலேயே அவசரமாக வாங்காதீர்கள். ஆக்டிவேட் ஆகாத விண்டோஸ் திரை ஓரத்தில் ஒரு வாசகத்தைக் காட்டிக்கொண்டு ஓடும், வால்பேப்பர் மாற்ற விடாது, மற்றபடி வேலை நிற்காது. அந்த இடைவெளியில் நிதானமாக வாங்கலாம். வாங்கும்போது பில்லில் விண்டோஸ் என்று தனி வரியாக இருக்கட்டும். சில நூறு ரூபாய்க்கு ஆன்லைனில் கிடைக்கும் சாவிகள் பெரும்பாலும் எங்கோ ஒரு நிறுவனத்துக்குக் கொடுத்தவை, எப்போது முடக்கப்படும் என்று யாரும் சொல்ல முடியாது. "ஃப்ரீயா போட்டுத் தர்றேன்" என்றால் அது திருட்டு விண்டோஸ், கணக்கு வழக்கு இருக்கிற கம்ப்யூட்டரில் அது வேண்டவே வேண்டாம்.

உங்கள் ராம் டிடிஆர்4 வகை என்றால் அதை மாற்ற வேண்டியதில்லை. எச்610-ல் டிடிஆர்4 போடும் மாடலாகக் கேட்டு வாங்குங்கள், இரண்டு வகையும் விற்கிறார்கள். விண்டோஸ் 10-க்கு 2025 அக்டோபர் 14-உடன் ஆதரவு முடிந்துவிட்டது, ஆகவே புது போர்டில் 10 ஆக்டிவேட் ஆனதும் 11-க்கு ஏற்றிக்கொள்ளுங்கள், அதற்குத் தனிக் காசு கிடையாது.