நாற்பத்தோராவது டேக்

அன்புள்ள ஆசிரியருக்கு,

வணக்கம். நீங்கள் பியானோ கற்றுக்கொள்வதைப் பற்றி அவ்வப்போது எழுதுவதால் இதைக் கேட்கத் துணிகிறேன். நான் 43 வயதில் பியானோ தொடங்கினேன். இப்போது 48. என்னைப் போலவே நடுவயதில் ஆரம்பித்த ஐந்து பேர் இணையத்தில் பழக்கமாகி, மாதம் ஒருமுறை அவரவர் வாசித்ததைப் பதிவுசெய்து ஒருவருக்கொருவர் அனுப்பிக்கொள்கிறோம். யாரும் யாரையும் நேரில் பார்த்ததில்லை.

யார் எதை அனுப்பினாலும் "அற்புதம்" என்று ஒரு சொல், கூடவே நாலு கைதட்டல் பொம்மைகள். தாளம் தறிகெட்டு ஓடினாலும் அதே அற்புதம்தான். ஒருவரை ஒருவர் ஏமாற்றிக்கொள்கிறோமோ என்று தோன்றியது. எங்களில் மூத்தவர் ஒருவர் ஷோப்பான் இயற்றிய வால்ட்ஸ் (நடன இசை) ஒன்றை அனுப்பியிருந்தார். "உங்கள் இரண்டு கையும் சேர்ந்து விழவில்லை, வலது கை பின்தங்குகிறது, மெட்ரோனோம் என்ற தாளக் கருவியை வைத்துப் பழகுங்கள்" என்று அவருக்கு எழுதினேன். மரியாதையாகத்தான் எழுதினேன். "நன்றி" என்று மட்டும் பதில் வந்தது. இரண்டு மாதமாக அவரிடமிருந்து பதிவே இல்லை.

இன்னொன்று என்னைப் பற்றி. ஷோப்பானின் ஈ ஃபிளாட் மேஜர் நாக்டர்னை (ஓபஸ் 9, எண் 2) நாற்பது டேக் எடுத்துவிட்டேன். ஒன்றைக்கூட அனுப்பவில்லை. தனியாக இருக்கும்போது வருவது, போனில் சிவப்புப் புள்ளியை அழுத்தியதும் வர மறுக்கிறது. பெரிய கலைஞர்களின் பதிவைக் கேட்டுவிட்டு என்னுடையதைக் கேட்டால் அழித்துவிடத்தான் கை போகிறது.

பாராட்டு பொய் என்றால் எதற்காக அனுப்ப வேண்டும்? உண்மையைச் சொன்னால் ஆளே போய்விடுகிறாரே?

எஸ்.

*

அன்புள்ள எஸ்,

முதலில் அந்த நாற்பது டேக். அவற்றில் எத்தனை கடைசி பார் (தாளக் கட்டம்) வரை போயின? எண்ணிப் பாருங்கள்.

சில வருடங்களுக்கு முன் என் போனில் இடம் தீர்ந்துபோய், பழைய பதிவுகளை அழிக்க உட்கார்ந்தேன். பாக் இயற்றிய சி மேஜர் ப்ரெலூடு என்ற சிறு துண்டு மட்டும் 26 இருந்தது. அழிப்பதற்குமுன் கேட்டுவிடலாமே என்று ஒவ்வொன்றாக ஓடவிட்டேன். ஒன்று 40 நொடி, ஒன்று ஒரு நிமிடம், ஒன்று வெறும் 12 நொடி. எல்லாம் ஒரே மாதிரி முடிந்தன. பிசகிய ஒரு கட்டை, நாக்கில் ஒரு 'ச்சு', நாற்காலி நகரும் சத்தம், மைக்கை நோக்கி வரும் விரலின் உரசல். முடிவைத் தொட்டவை மூன்றே மூன்று. ஆக, ஆரம்பத்தை 26 தடவை பழகியிருக்கிறேன், முடிவை 3 தடவை. பிசகினால் நிறுத்துவதை 23 தடவை பழகியிருக்கிறேன், அதில் நல்ல தேர்ச்சியும் வந்துவிட்டது.

உங்கள் நாக்டர்னில் நீங்கள் விழும் இடம் எது என்று எழுதவில்லை. கடைசிக்குச் சற்று முன்னால், பொடி எழுத்தில் அச்சிட்டிருக்கும் அந்த ஓட்டமாக இருக்கும் என்று ஊகிக்கிறேன். தாளம் நின்று காத்திருக்க, ஒரே சிறு வடிவம் திரும்பத் திரும்பச் சுழலுமே, அந்த இடம். நான்கு நிமிடம் கவனமாகக் கட்டிக்கொண்டு வந்ததெல்லாம் அங்கே சரிந்தால் எரிச்சல் வராமல் என்ன செய்யும்? ஆனால் அந்த இடத்துக்கு உங்கள் விரல்கள் எத்தனை தடவை போயிருக்கின்றன? 34 பார் கொண்ட துண்டு அது. பின்னாலிருந்து பழகுங்கள். முதலில் கடைசி இரண்டு பார், பிறகு அந்த ஓட்டத்திலிருந்து முடிவு வரை, பிறகு அதற்கும் முந்தைய வரியிலிருந்து. இப்படிச் செய்தால் போகப்போகத் தெரிந்த இடத்துக்குள் நுழைகிறீர்கள். இப்போது நடப்பது நேரெதிர்.

சிவப்புப் புள்ளிக்கு நான் கண்ட வழி ஒன்றுதான். அதை அழுத்திவிட்டு அரைமணி நேரம் அப்படியே விட்டுவிடுவது. படியிறங்கும்போது ஒவ்வொரு காலையும் பார்த்துக்கொண்டே இறங்கினால் தடுக்கும். முதல் ஐந்து நிமிடம் நாம் அப்படித்தான் வாசிக்கிறோம். கால்மணி நேரம் கழிந்தால் போனும் அறையில் கிடக்கும் இன்னொரு சாமான் ஆகிவிடும். வேண்டியதைப் பிறகு வெட்டி எடுத்துக்கொள்ளலாம்.

போன் என்றதும் ஒன்று. அதன் ஒலிப்பதிவு பெரும்பாலும் பேச்சை நினைத்துச் செய்யப்பட்டது. மெல்லிய ஒலியைத் தானாகவே தூக்கிவிடும், பெரிய ஒலியை அமுக்கிவிடும். நீங்கள் மூன்று வாரம் உழைத்து வரவழைத்த மென்மை அதன் வழியே போனால் சாதாரண சத்தமாக வந்து நிற்கும். சில ஆப்களில் இந்தத் தானியங்கிச் சமாளிப்பை அணைக்க வழி உண்டு, தேடிப் பாருங்கள். போனைப் பியானோவின் மேலேயே வைத்தால் பெடலின் 'டொக்' முழுதாக ஏறிவிடும். நாலைந்து அடி தள்ளி வையுங்கள். உங்கள் நண்பர்களின் பதிவில் ஏற்ற இறக்கமே இல்லை என்று இனி தோன்றினால், குறை விரலிலா போனிலா என்று ஒரு நொடி யோசித்துவிட்டு எழுதுங்கள்.

பெரிய கலைஞர்களின் பதிவோடு ஒப்பிடுவதாகச் சொல்கிறீர்கள். கனடாவின் புகழ்பெற்ற பியானோ கலைஞர் கிளென் கூல்ட் 1964இல், 31 வயதில், மேடையை விட்டே விலகினார். அதன்பின் எல்லாம் ஸ்டூடியோதான். இரண்டு ஆண்டு கழித்து எழுதிய கட்டுரை ஒன்றில், பாக்கின் ஏ மைனர் ஃப்யூக் பதிவைப் பற்றி ஒளிக்காமல் சொல்கிறார். 6ஆவது டேக், 8ஆவது டேக் இரண்டிலும் பிழையில்லை. ஆனால் முழுதாகக் கேட்டால் இரண்டும் சலித்தன. அதனால் இரண்டையும் வெட்டி ஒட்டினார். நாம் கேட்பது அந்த ஒட்டைத்தான். கூல்டுக்கே அது வேண்டியிருந்தது, நீங்களோ சமையலறையிலிருந்து கை துடைத்துக்கொண்டே வந்து உட்கார்ந்து ஒரே மூச்சில் வாசிக்கிறீர்கள். ஒப்பிடத்தான் வேண்டும் என்றால் போன மாதத்து எஸ்ஸோடு ஒப்பிடுங்கள். பழைய பதிவுகளை அழிக்காதீர்கள் என்பதும் அதற்குத்தான்.

ஷோப்பானை நினைத்து நீங்கள் பயப்படவும் வேண்டாம். பெரிய கூட்டத்தின் முன் வாசிப்பது அவருக்கே பிடிக்காது. வாழ்நாளில் பொதுமேடையில் அவர் ஏறியது சுமார் 30 தடவைதான். உங்கள் நாக்டர்னுக்கோ மாணவர்களின் பிரதிகளில் அவரே ஆளுக்கொரு விதமாக அலங்காரங்களை எழுதிக்கொடுத்திருக்கிறார். எழுதியவரே ஒரு மாதிரியோடு நிற்கவில்லை.

இனி அந்தக் கைதட்டல் பொம்மைகள். எனக்கும் அவை பிடிக்காது. ஆனால் அவற்றைப் பொய் என்று சொல்ல மாட்டேன். தெருவில் எதிர்ப்படுகிறவரிடம் "சௌக்கியமா" என்று கேட்பது எவ்வளவு பொய்யோ அவ்வளவுதான் பொய். உன் பதிவு வந்து சேர்ந்தது, நீ அனுப்பியதில் மகிழ்ச்சி என்பதற்குமேல் அதில் சேதி இல்லை. குறை என்னவென்றால் கேட்காமலேயே அதை அனுப்பிவிட முடியும். பதிவு நான்கு நிமிடம் ஓடுகிறது, அற்புதம் ஒரே நிமிடத்தில் வந்து விழுகிறது. அனுப்பியவர் கணக்கு தெரியாதவரா?

ஒலிப்பதிவு வருவதற்கு முன், ஐரோப்பாவில் ஒரு சிம்ஃபொனியை வீட்டில் கேட்க ஆசைப்பட்டவர்கள், நாலு கைக்காக மாற்றி எழுதிய நோட்ஸை வாங்கிவந்து, ஒரே பியானோவின்முன் இருவராக உட்கார்ந்து தாங்களே வாசித்தார்கள். பக்கத்தில் பக்கம் புரட்ட ஒருவர். அவர் ஒரு சொல்லும் சொல்வதில்லை. ஆனால் வாசிப்பவர் எந்த வரியில் இருக்கிறாரோ அந்த வரியில் அவர் கண்ணும் இருந்தாக வேண்டும், இல்லையென்றால் இசை நின்றுவிடும். பதிவை வாங்கிக் கேட்கிறவரின் வேலையும் அதுதான் என்று எனக்குப் படுகிறது. "1:12இல் ஒரு கணம் தயங்கிவிட்டு அடுத்த கார்டுக்கு (சேர்ந்தொலிக்கும் ஸ்வரங்களுக்கு) போனீர்களே, அதை இரண்டு தடவை கேட்டேன்" என்று ஒருவர் எனக்கு எழுதியபோது நான் ஒரு வாரம் தரையில் நடக்கவில்லை. அது தயக்கம்கூட இல்லை, அடுத்த கட்டை எது என்று தேடிக்கொண்டிருந்தேன். அதை அவரிடம் இன்றுவரை சொல்லவில்லை.

"உண்மையைச் சொல்கிறேன்" என்று கிளம்புவதிலும் ஓர் ஆபத்து இருக்கிறது. இதை நான் பட்டுத் தெரிந்துகொண்டேன். அந்த 26 பதிவுகளின் காலத்தில், உங்களைப் போலவே பதிவுகளை அனுப்பிக்கொண்டிருந்த எங்கள் குழுவில் ஒரு பெண்மணி அதே சி மேஜர் ப்ரெலூடை அனுப்பினார். எனக்குத்தான் அது தலைகீழ்ப் பாடமாயிற்றே. பாதிக்குமேல் ஓர் இடத்தில் காதில் இடறியது. நோட்ஸை வைத்து எண்ணினேன். 35 பார் இருக்கவேண்டிய இடத்தில் 36 வாசித்திருந்தார். "22ஆவது பாருக்குப் பிறகு நீங்களாக ஒரு பாரைச் சேர்த்திருக்கிறீர்கள், பாக்கைத் திருத்த வேண்டாமே" என்று நகைச்சுவையாக எழுதியதாக நினைத்துக்கொண்டேன். மறுநாள் அவர் ஒன்றும் சொல்லாமல் தன் நோட்ஸின் பக்கத்தைப் படம் எடுத்து அனுப்பினார். ஓரம் பழுத்த பழைய பதிப்பு. 22க்கும் 23க்கும் நடுவே அந்தப் பார் அச்சிலேயே இருந்தது.

பிறகுதான் தேடிப் படித்தேன். அங்கே பாக் எழுதிய ஸ்வர நகர்வு விதிப்படி சரியில்லை என்று பட்டதால், ஷ்வெங்கே என்பவர் நடுவில் ஒரு பாரைச் செருகினார் என்கிறார்கள். பழைய பதிப்புகள் பலவற்றில் அது அப்படியே தங்கிவிட்டது. இந்த ப்ரெலூடின்மேல் பிரெஞ்சு இசையமைப்பாளர் கூனோ தன் 'ஆவே மரியா' மெட்டை வைத்தபோது அந்த 36 பார் வடிவத்தைத்தான் எடுத்துக்கொண்டார். திருமண வீட்டில் அதைக் கேட்டவர்கள் எல்லோரும் ஷ்வெங்கேயின் பாரையும் கேட்டிருக்கிறார்கள். அந்தப் பெண்மணி தன் முன்னால் இருந்ததைப் பிசகில்லாமல் வாசித்திருந்தார். பாடம் வராதவன் நான்.

"22க்குப் பிறகு எனக்குப் புதிதாக ஒன்று கேட்கிறது, அது என்ன?" என்று கேட்டிருந்தால் என்ன கெட்டுப்போயிருக்கும்? விஷயமும் தெரிந்திருக்கும், மானமும் மிஞ்சியிருக்கும்.

உங்கள் மூத்தவருக்கு வருகிறேன். இரண்டு கையும் சேர்ந்து விழவில்லை, வலது கை பின்தங்குகிறது என்று எழுதியிருக்கிறீர்கள். 20ஆம் நூற்றாண்டின் தொடக்கப் பதிவுகளை, உதாரணமாகப் போலந்துப் பியானோ கலைஞர் பதெரெவ்ஸ்கி வாசித்ததைக் கேட்டுப்பாருங்கள். இடது கையின் பாஸ் முதலில் விழும், மெட்டு ஓர் இமைப்பொழுது கழித்து வரும். வேண்டுமென்றே செய்வது. அந்தத் தலைமுறையின் பாணியே அது, பிற்பாடு வழக்கொழிந்தது. உங்கள் நண்பர் அந்தப் பதிவுகளைக் கேட்டு வளர்ந்தவரா, அல்லது நீங்கள் சொன்னதுபோல விரல்தான் பின்தங்குகிறதா, எனக்குத் தெரியாது. உங்களுக்கும் தெரியாது. விரல்தான் என்றாலும், அது மூட்டு வலியாக இருந்தால் மெட்ரோனோம் என்ன செய்யும்?

அவர் நிறுத்தியதற்குக் காரணம் உங்கள் கடிதம்தான் என்றும் முடிவுகட்ட வேண்டாம். நடுவயதுக்குமேல் இரண்டு மாதம் பியானோவைத் தொடமுடியாமல் போக ஆயிரம் காரணம் உண்டு. மன்னிப்புக் கடிதம் எழுதி அவரைச் சங்கடப்படுத்தாதீர்கள். அந்த வால்ட்ஸை இன்னொரு தடவை கேளுங்கள். கேட்டுவிட்டு, உங்களை நிறுத்திய ஏதாவது ஓர் இடத்தை நிமிடம், நொடியோடு குறித்து, "இங்கே மெட்டைத் தள்ளி வைக்கிறீர்களே, வேண்டும் என்றா?" என்று கேட்டு எழுதுங்கள். அப்படி ஓர் இடம் கிடைக்கவில்லை என்றால் எழுத வேண்டாம். "அற்புதம்" என்று மட்டும் போட்டுவிடாதீர்கள், அவர் சிரித்துவிடுவார்.

தீர்ப்பே வேண்டும் என்கிறவர்களுக்கு அதற்கும் இடம் இருக்கிறது. பாரிஸில் 1989இலும், அமெரிக்காவின் ஃபோர்ட் வொர்த்தில் பியானோ கலைஞர் வான் கிளைபர்ன் பெயரிலான அமைப்பின் சார்பில் 1999இலும் அமெச்சூர்களுக்கென்றே பியானோப் போட்டிகள் தொடங்கப்பட்டன. இரண்டாவதில் 35 வயதுக்குக் கீழே உள்ளவர்களுக்கு இடமில்லை, உங்களுக்கு உண்டு. அங்கே மேசைபோட்டு நடுவர்கள் உட்கார்ந்திருப்பார்கள். உங்கள் ஐவரில் யாரும் நடுவர் வேலைக்குச் சேர்ந்தவர் இல்லை. யாராவது வாயைத் திறந்து "இந்த இடம் எனக்கு வரவில்லை, என்ன செய்ய?" என்று கேட்டால், அப்போது மெட்ரோனோமைப் பற்றிப் பேசுங்கள்.

சரி, 41ஆவது டேக். நாளுக்கு ஒன்றுக்குமேல் எடுக்காதீர்கள். அரைமணி நேரம் போன் ஓடட்டும், நடுவே எப்போதாவது நாக்டர்னுக்கு வாருங்கள். அந்தப் பொடி நோட்டுகளில் விரல் சிக்கினால் சிக்கட்டும், வலது கை வழிதவறினால் இடது கை இருக்கிறது, மேலே போங்கள். கடைசி கார்டுகள் மிக மெல்லியவை, போன் அவற்றைக் கெடுத்துத்தான் வைக்கும், பரவாயில்லை. பெடலை எடுத்த பிறகும் அறையில் கொஞ்சம் ஒலி மிச்சமிருக்கும். அது அடங்கும்வரை எழுந்திருக்காதீர்கள். அந்தப் பதிவை, விழுந்த இடத்தோடு சேர்த்து, முதலில் அந்த மூத்தவருக்கே அனுப்புங்கள்.

அன்புடன்.